படிச்சது ஏன் மறக்குது, மறக்காம இருக்க எப்படி படிக்கணும்: குரூப் 4 எழுதுறவங்களுக்கு

பர்ஸை தொடாதீங்க, ஒரு நிமிஷம். 100 ரூபா நோட்டு இருக்குல்ல, அந்த ஊதா கலர் புது நோட்டு, அதோட பின்பக்கத்துல என்ன படம்? 2018ல இருந்து கையில வாங்குறோம், எண்ணுறோம், கொடுக்குறோம், ஆனா டக்குனு கேட்டா முக்காவாசி பேருக்கு வராது, ஏதோ கோயில்ம்பாங்க, சிலர் செங்கோட்டைம்பாங்க. அது ராணி கி வாவ், குஜராத்ல படான்ங்கிற ஊர்ல இருக்கிற படிக்கிணறு. செங்கோட்டை இருக்கிறது 500ல. 200ல சாஞ்சி ஸ்தூபி, 50ல ஹம்பி கல்தேர், 20ல எல்லோரா, 10ல கொனார்க் சூரியன் கோயில்.

1979ல அமெரிக்காவுல நிக்கர்சன், ஆடம்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அவங்க ஊரு ஒரு சென்ட் காசை வச்சு இதே மாதிரி சோதிச்சாங்க, தினமும் கையில புழங்குற காசு, பார்க்காம வரைங்கன்னு சொன்னா பெரும்பாலானவங்களுக்கு சரியா வரல, எந்த எழுத்து எந்த இடத்துலன்னு குழம்பிட்டாங்க. கண்ணுல ஆயிரம் தடவை பட்டதால மட்டும் ஒரு விஷயம் மனசுல உக்காந்துடாது. இத முதல்லயே சொல்றதுக்கு காரணம் இருக்கு. நம்ம பசங்க நிறைய பேர் சமச்சீர் புத்தகத்த அந்த நோட்டை எண்ணுற மாதிரிதான் படிக்கிறாங்க, ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் நாலு ரவுண்டு முடிச்சாச்சுன்னு சொல்றாங்க, மாதிரி தேர்வுல உக்காந்தா கை நின்னு போகுது, அப்புறம் எனக்கு ஞாபக சக்தியே இல்லன்னு மனசு உடைஞ்சு போறாங்க, அதுதான் எனக்கு தாங்க முடியாத விஷயம்.

என் சித்தி பொண்ணு அப்படித்தான் இருந்தா. பகல்ல ஜவுளிக்கடைல பில் போடுற வேலை, நைட்டு எட்டரைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு பாத்திரம் கழுவி வச்சுட்டு ஒன்பதரைக்கு புக்க எடுப்பா. அவளோட பத்தாவது சமூக அறிவியல் புக்க வாங்கி பார்த்தேன், மஞ்சள், பச்சை, பிங்க்னு மூணு கலர்ல கோடு, கோடு போடாத வரியே இல்ல. "அண்ணா, புக்க பார்த்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கு, கேள்விய பார்த்தா ஒண்ணும் வரமாட்டேங்குது"ன்னா. நான் புக்க மூடிட்டு ஒரு வெள்ளை பேப்பர கொடுத்து, அடிப்படை உரிமை பத்தி தெரிஞ்சதெல்லாம் எழுதுன்னு சொன்னேன். ஆறு உரிமைன்னு எழுதினா, பிரிவு 12ல இருந்து 35 வரைக்கும்னு எழுதினா, 32ஐ அம்பேத்கர் இதயமும் ஆன்மாவும்னு சொன்னார்னு எழுதினா, அதுக்கப்புறம் 17க்கு எதிர்ல பட்டங்கள் ஒழிப்பு, 18க்கு எதிர்ல தீண்டாமை ஒழிப்புன்னு மாத்தி எழுதிட்டு பேனாவ வாயில வச்சுட்டு உக்காந்துட்டா. நாலு தடவை படிச்ச பாடம். புக்க திறந்து பார்த்ததும் "அய்யோ இது தெரியுமே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா.

அந்த "தெரியுமே"தான் நம்மள ஏமாத்துறது. பார்த்ததும் அடையாளம் கண்டுபிடிக்கிறது வேற, ஒண்ணுமே இல்லாத இடத்துல இருந்து நாமளே எடுத்துட்டு வர்றது வேற. திரும்ப திரும்ப படிக்கும்போது முதல் வேலைக்குத்தான் பழகுறோம், கேள்வித்தாள் நிறைய நேரம் கேக்குறது ரெண்டாவத. நாலு ஆப்ஷன் கொடுக்குறாங்களேன்னு கேக்கலாம், ஆனா நாலுமே படிச்ச மாதிரியே இருக்கும்படிதான் போட்டிருப்பாங்க, அங்க பாதி ஞாபகம் கை கொடுக்காது.

ஞாபகம் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம்

மூளைக்குள்ள ஒரு அலமாரி இருக்கு, படிச்சத அதுல அடுக்கி வைக்கிறோம்னு நினைச்சுட்டு இருக்கோம், அப்படி இல்ல. முதல் படி கவனம். வண்டி சாவிய எங்க வச்சோம்னு மறந்துட்டோம்னு சொல்றோமே, நிறைய நேரம் அது மறதியே கிடையாது, வைக்கும்போது போன்ல பேசிட்டு இருந்தோம், அதனால பதிவே ஆகல. பதிவே ஆகாதத எங்க போய் தேடுறது. படிக்கும்போது பக்கத்துல போன் மினுக்கிட்டே இருந்தா நடக்கிறதும் இதேதான்.

கவனிச்சது அடுத்து போய் நிக்கிற இடம் ரொம்ப சின்னது. ஓடிபி வந்ததும் ஆறு நம்பரையும் வாய்க்குள்ள சொல்லிட்டே அடிக்கிறோம், நடுவுல யாராவது மணி என்னன்னு கேட்டா போச்சு. ஜார்ஜ் மில்லர்ங்கிற உளவியல் ஆராய்ச்சியாளர் 1956ல அந்த இடத்துல சுமாரா ஏழு விஷயம் நிக்கும்னு எழுதினார், 2001ல நெல்சன் கோவன் அது நாலு கிட்டத்தான்னு சொன்னார். 1959ல பீட்டர்சன் தம்பதி செஞ்ச சோதனைல மூணே மூணு எழுத்த கொடுத்துட்டு, உடனே ஒரு நம்பர்ல இருந்து மூணு மூணா கழிச்சு எண்ண சொன்னாங்க, வாய்க்குள்ள சொல்லிப் பார்க்க வழியில்லாம போனதும் 18 செகண்ட்ல அந்த மூணு எழுத்தும் பெரும்பாலும் காணாம போயிடுச்சு. அதனால ஒரே மூச்சுல பத்து சட்டப்பிரிவ உள்ள தள்ளுனா முதல்ல போனத பின்னாடி வந்தது தள்ளிவிட்டுடும். மூணு நாலு எடுத்துக்கோங்க, அது உக்காந்த பிறகு அடுத்தது.

அங்கிருந்து நிரந்தரமா பதியிறதுக்கு ஹிப்போகேம்பஸ்னு மூளையோட உள்பக்கம் இருக்கிற ஒரு சின்ன பகுதி முக்கியம். இது உலகத்துக்கு தெரிய வந்தது ஹென்றி மொலைசன்ங்கிற ஒரு மனுஷனால. வலிப்பு நோய்க்காக 1953ல அவருக்கு 27 வயசுல மூளைல ஆபரேஷன் பண்ணி ரெண்டு பக்கமும் அந்த பகுதில பெரும்பாலானத எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் புதுசா சந்திச்ச ஆளு, புதுசா நடந்த விஷயம் எதுவும் அவருக்கு தங்கல, 2008ல இறக்கிற வரைக்கும் அப்படியே. ஆனா பழைய ஞாபகம் நிறைய இருந்துச்சு, பேச்சு நல்லா இருந்துச்சு. பிரெண்டா மில்னர்ங்கிற ஆராய்ச்சியாளர் அவருக்கு கண்ணாடில பார்த்து நட்சத்திரம் வரையிற பயிற்சி கொடுத்தாங்க, ஒவ்வொரு நாளும் "இத நான் முன்ன செஞ்சதே இல்ல"ங்கிற நிலைமைலதான் உக்காந்தார், ஆனா கை நாளுக்கு நாள் சுத்தமா வரைஞ்சுச்சு. சைக்கிள் ஓட்டுற மாதிரி கை பழகுறது ஒரு வகை ஞாபகம், யாரு எப்ப எங்கங்கிறது இன்னொரு வகை. நம்ம பரீட்சைக்கு வேணுங்கிறது ரெண்டாவது வகை, அதுதான் லேசா நழுவுற வகையும்.

எவ்ளோ வேகமா நழுவுதுன்னு முதல்ல அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், ஜெர்மன்காரர், 1885ல புத்தகமா போட்டார். சோதனைக்கு ஆளு வேற யாரும் இல்ல, அவரேதான். அர்த்தமே இல்லாத அசைகளா கோத்து மனப்பாடம் பண்ணுவார், கொஞ்ச நேரம் கழிச்சு அதையே திரும்ப பண்ணுவார், முதல் தடவையவிட எவ்ளோ நேரம் மிச்சமாச்சுன்னு கணக்கு வச்சார். 20 நிமிஷம் கழிச்சு மிச்சம் 58 சதவீதம், ஒரு மணி நேரத்துல 44, ஒரு நாள்ல 34, ஒரு மாசத்துல 21. முதல் நாள்ல கிடுகிடுன்னு இறங்குது, அப்புறம் மெதுவாகிடுது. இவர் படிச்சது அர்த்தம் இல்லாத அசைங்கிறத மறந்துடக் கூடாது, அர்த்தம் உள்ள பாடம் இவ்ளோ வேகமா போகாது, ஆனா இறங்குற விதம் இதேதான். அதே புத்தகத்துல இன்னொரு கணக்கும் இருக்கு, ஒரே நாள்ல 68 தடவை சொல்லி கிடைச்ச பலன் மூணு நாளா பிரிச்சு 38 தடவை சொன்னாலே கிடைச்சுச்சாம். வேலைக்கு போயிட்டு படிக்கிறவங்களுக்கு இதவிட நல்ல செய்தி கிடையாது.

மறக்கிறதுக்கு இன்னொரு பெரிய காரணம் ஒண்ணோட ஒண்ணு கலக்குறது. 17ம் 18ம் கலந்தது அதனாலதான். அரசியலமைப்போட 73வது திருத்தம் பஞ்சாயத்துக்கு, 74வது நகராட்சிக்கு, ரெண்டும் 1992, ரெண்டும் ஒரே பாடத்துல, கலக்காம என்ன பண்ணும். நம்ம தலை மேல தப்பு இல்ல, ஒரே மாதிரி இருக்கிறது ஒண்ணை ஒண்ணு மறைக்கும், எல்லாருக்கும் அப்படித்தான்.

சரி, என்ன பண்ணணும்

முதல் வேலை வெள்ளை பேப்பர். இருபது நிமிஷம் படிங்க, புக்க மூடி இன்னொரு ரூம்ல கூட வச்சுடுங்க, ஞாபகம் இருக்கிறத எழுதுங்க. எழுத்து அழகு வேணாம், வரிசை வேணாம். நின்னுட்டா உடனே திறக்காதீங்க, ஒரு நிமிஷம் கஷ்டப்படுங்க, அந்த கஷ்டப்படுற நேரம்தான் உண்மைல படிக்கிற நேரம். அப்புறம் திறந்து விட்டதையும் தப்பா எழுதினதையும் சிவப்பு பேனால பக்கத்துல எழுதுங்க. 2006ல அமெரிக்காவுல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேர் காலேஜ் பசங்கள வச்சு இத பார்த்தாங்க, ஒரு குரூப் பாடத்த ரெண்டு தடவை படிச்சாங்க, இன்னொரு குரூப் ஒரு தடவை படிச்சுட்டு ரெண்டாவது தடவைக்கு பதிலா பார்க்காம எழுதினாங்க. அஞ்சு நிமிஷத்துல டெஸ்ட் வச்சா ரெண்டு தடவை படிச்சவங்க முன்னாடி, அவங்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவங்களுக்கு 75. ஒரு வாரம் கழிச்சு வச்சா எழுதிப் பார்த்தவங்க 56, படிச்சவங்க 42. நமக்கு பரீட்சை அஞ்சு நிமிஷத்துல இல்ல, மாசக்கணக்குல தள்ளி இருக்கு, அதனால எத பிடிக்கணும்னு நீங்களே பாருங்க. ஆரம்பத்துல இது ரொம்ப சோர்வா இருக்கும், படிக்கும்போது வர்ற அந்த திருப்தி இதுல வராது, பேப்பர்ல பாதி காலியா இருக்கிறத பார்த்தா அழுகை வரும், என் தங்கச்சிக்கு வந்துச்சு. விட்டுடாதீங்க.

ரெண்டாவது அட்டை. கடைல போய் வாங்க வேணாம், வீட்ல பழைய கல்யாண பத்திரிகை கட்டு கிடக்கும், நல்ல கெட்டி அட்டை, எழுத்து இல்லாத பக்கமா பார்த்து சீட்டு சைஸுக்கு வெட்டிக்கோங்க. ஒரு முனைல மஞ்சள் தடவியிருக்கும், அந்த பக்கம் எப்பவும் மேல வர்ற மாதிரி அடுக்கினா தலைகீழா போகாது. ஒரு பக்கம் கேள்வி, அச்சடிச்ச பக்கத்துல ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி விடை. ஒரு அட்டைக்கு ஒரே கேள்வி, அதுல கண்டிப்பா இருங்க, "அடிப்படை உரிமைகள் யாவை"ன்னு எழுதினா அது அட்டை இல்ல, பாடம். "தீண்டாமை ஒழிப்பு எந்தப் பிரிவு" ஒண்ணு, "பிரிவு 18 எத ஒழிக்குது" இன்னொண்ணு. கலக்குற ஜோடிக்கு தனியா மூணாவது அட்டை போடுங்க, "17க்கும் 18க்கும் என்ன வித்தியாசம்"னு.

இப்ப அஞ்சு காலி ஸ்வீட் பாக்ஸ் எடுங்க. புது அட்டை எல்லாம் முதல் பாக்ஸ்ல, அத தினமும் பார்க்கணும். சரியா சொன்ன அட்டை ரெண்டாவது பாக்ஸுக்கு போகும், அத மூணு நாளைக்கு ஒரு தடவை, மூணாவது வாரம் ஒரு தடவை, நாலாவது ரெண்டு வாரத்துக்கு, அஞ்சாவது மாசம் ஒரு தடவை. எந்த பாக்ஸ்ல இருந்து எடுத்தாலும் தப்பா சொன்னா அது திரும்ப முதல் பாக்ஸ்தான், பாவம் பார்க்க கூடாது. இது செபாஸ்டியன் லைட்னர்னு ஒருத்தர் 1972ல ஜெர்மன்ல எழுதின புத்தகத்துல சொன்ன முறை, நாள் கணக்கு மட்டும் உங்க வசதிக்கு மாத்திக்கலாம். அட்டைய திருப்புறதுக்கு முன்னாடி வாய்விட்டு சொல்லணும், மனசுக்குள்ள "ம்ம் தெரியும்"னு திருப்பிட்டா பழையபடி புக்க படிக்கிற கதைதான். போன்ல இதுக்கு ஆப் எல்லாம் இருக்கு, நல்லாத்தான் இருக்கும், ஆனா போன திறந்தா வேற எங்கயோ போயிடுற ஆளா இருந்தா அட்டையே நல்லது. என் தங்கச்சி பத்து பத்து அட்டையா ரப்பர் பேண்ட் போட்டு கடைக்கு எடுத்துட்டு போவா, கூட்டம் இல்லாத மத்தியான நேரத்துல கல்லாவுக்கு கீழ வச்சு பார்ப்பா.

மூணாவது, எனக்கு ரொம்ப பிடிச்சது, கொக்கி மாட்டுறது. தனியா தொங்குற நம்பர் விழுந்துடும், ஏற்கனவே தெரிஞ்ச ஒண்ணோட மாட்டிவிட்டா நிக்கும். பிரிவு 16 என்ன? அரசு வேலைல எல்லாருக்கும் சம வாய்ப்பு. நீங்க எதுக்காக ராத்திரி கண்ணு முழிச்சு படிக்கிறீங்களோ அதுவேதான் 16. தேர்வாணையமே எந்தப் பிரிவுல வருது? 315. இத ஒரு தடவை யோசிச்சுட்டா அப்புறம் விழாது.

தமிழ் பகுதில பாருங்க, அடி வரையறை, அதாவது ஒரு பாட்டுல எத்தனை வரிங்கிறது, எல்லாரையும் படுத்துற ஒண்ணு. குறுந்தொகை 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31. இத மூணு தனித்தனி வரியா படிச்சா கண்டிப்பா கலக்கும். ஆனா உத்து பாருங்க, எட்டுல ஒண்ணு முடியுது, ஒன்பதுல அடுத்தது ஆரம்பிக்குது, பன்னெண்டுல முடியுது, பதிமூணுல அடுத்தது. ஒரே ஏணி, மூணு துண்டு. பேருலயே விடையும் இருக்கு, குறுகின பாட்டு குறுந்தொகை, அகநானூறுக்கு இன்னொரு பேர் நெடுந்தொகை, நீளமான பாட்டு, நடுவுல இருக்கிறது நற்றிணை. ஐங்குறுநூறு மட்டும் 3 முதல் 6, அது ஏணிக்குள்ள வராது, அதனாலயே தனியா ஞாபகம் இருக்கும். ஆறு நம்பர மனப்பாடம் பண்ண வேண்டிய இடத்துல இப்ப 4ல ஆரம்பிச்சு 8, 12, 31ல முடியுதுன்னு நாலே நம்பர். நம்ம முன்னோர் அந்தாதி பாடினதுல இருக்கிற வசதியும் இதுதான், ஒரு பாட்டு முடியிற சொல்லே அடுத்த பாட்ட கையப் பிடிச்சு கூட்டிட்டு வந்துடும், பாட்டு விட்டுப் போகவே போகாது.

ஞாபக சக்தி பிறவில வர்றதுன்னு சொல்றவங்களுக்கு அவதான கலைய சொல்லுவேன். நாகர்கோவில் பக்கம் இடலாக்குடில பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ல சென்னை விக்டோரியா டவுன் ஹால்ல ஒரே நேரத்துல நூறு விஷயத்துல கவனம் வச்சு பதில் சொல்லி சதாவதானின்னு பேர் வாங்கினார். பெரிய திறமைதான், ஆனா அவதானம்ங்கிறது குரு வச்சு வருஷக்கணக்குல பழகுற வித்தை, முதல் நாள்லயே நூறுக்கு யாரும் போறதில்ல.

அப்புறம் கலந்து படிங்க. திங்கக்கிழமை முழுக்க வரலாறு, செவ்வாய் முழுக்க அறிவியல்னு வைக்காம ஒரே ராத்திரில அரை மணி அரசியலமைப்பு, அரை மணி தமிழ், கால் மணி கணக்குன்னு மாத்துங்க, கேள்வித்தாளும் அப்படித்தான் வரும்.

தூக்கத்த குறைக்காதீங்க. இத கெஞ்சி கேக்குறேன். 1924லயே ஜென்கின்ஸ், டாலன்பாக்னு ரெண்டு பேர் மனப்பாடம் பண்ணிட்டு தூங்கினா குறைவா மறக்குது, அதே நேரம் முழிச்சு வேற வேலை பார்த்தா அதிகமா மறக்குதுன்னு காட்டிட்டாங்க, அதுக்கப்புறமும் தூக்கத்துலதான் பகல்ல பார்த்தத மூளை உறுதிப்படுத்துதுன்னு நிறைய தெரிய வந்திருக்கு. ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு படிக்கிறத விட பதினொன்றைக்கு படுத்து காலைல பத்து நிமிஷம் நேத்து அட்டைய சொல்லிப் பார்க்கிறது மேல். வல்லாரை, ஞாபக சக்தி டானிக், அது இதுன்னு விக்கிறதுக்கு காசு போடுறதுக்கு முன்னாடி இந்த தூக்கத்த சரி பண்ணுங்க. சாப்பாடு சாப்பாடுக்காக சாப்பிடுங்க, புக்க மூடி எழுதுற வேலைய எந்த மாத்திரையும் உங்களுக்கு பதிலா செய்யாது. ஆனா திடீர்னு மறதி கூடிப் போச்சு, உடம்பு எப்பவும் அசதியா இருக்குன்னா டாக்டர பாருங்க, தைராய்டு குறைவா இருந்தாலும் பி12 சத்து குறைஞ்சாலும் மறதி வரும், ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சுடும், சரி பண்ணக்கூடியது.

ஹால்ல வரலன்னா

200 கேள்வி, மூணு மணி நேரம், ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம் கூட இல்ல. தெரிஞ்ச விடை நாக்கு நுனில நின்னுட்டு வரமாட்டேங்கும்போது அதையே முறைச்சுட்டு இருந்தா பக்கத்துல இருக்கிற தப்பான விடைதான் திரும்ப திரும்ப வந்து வழிய அடைக்கும். கேள்வித்தாள்ல சின்னதா ஒரு புள்ளி வச்சுட்டு நகர்ந்துடுங்க. திரும்பி வரும்போது விடைய தேடாதீங்க, இடத்த தேடுங்க. 1975ல காடன், பாட்லின்னு ரெண்டு பேர் ஸ்காட்லாந்துல கடலுக்குள்ள முங்குற ஆளுங்களுக்கு தண்ணிக்கு அடியில சில வார்த்தைகள கத்துக் கொடுத்தாங்க, கரைக்கு வந்து கேட்டப்போ குறைவா வந்துச்சு, திரும்ப தண்ணிக்குள்ள கேட்டப்போ அதிகமா வந்துச்சு. படிச்ச இடமும் படிச்சதோட ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. அதனால கண்ண மூடி அந்த அட்டைய நினைச்சு பாருங்க, எந்த கல்யாண பத்திரிகை, மஞ்சள் எந்த முனைல இருந்துச்சு, எந்த பாக்ஸ்ல கிடந்துச்சு, அன்னைக்கு தப்பா சொல்லிட்டு சிவப்பு பேனால என்ன எழுதினோம். மாதிரி தேர்வையும் வீட்டு கட்டில்ல உக்காந்து எழுதாம ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பதரை மணிக்கு நூலகத்துல பெஞ்சுல உக்காந்து, ஓஎம்ஆர் தாள் வச்சு, மூணு மணி நேரம் எழுந்திரிக்காம எழுதிப் பழகுங்க, குறைஞ்சது ஆறு ஞாயிறாவது.